பேச ஓர் இடம் கொடுங்கள்

படித்துப் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்த பிள்ளைகள் நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளனர். இளம் வழக்கறிஞர், இளம் மருத்துவர், இளம் பொறியாளர் என்று அவர்களைப் பிறருக்கு அறிமுகம் செய்கையில் நம் உள்ளம் பூரிக்கின்றது. ஆனால் பணியிடத்தில் அவர்கள் நிலை என்ன? இரவெல்லாம் கண்விழித்துக் குறிப்பு எழுதுபவர் இளையவர். மறுநாள் அதை அவையில் எடுத்துரைப்பவர் மூத்தவர். வாய்தா கேட்பதற்கு மட்டுமே வாய் திறந்து பழகிய இளையவரை, ஆண்டுகள் பல கழிந்தபின் ஒருநாள் திடீரென எழுப்பி, "நீ பேசு" என்கிறோம். நா எழாவிடில், "திறமை போதாது" என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இது முறையாகுமா?

நாவன்மை பிறவிக் கொடை என்பார் சிலர். அவர்கள் காந்தியடிகளின் இளமையை எண்ணிப் பார்க்கட்டும். இலண்டனில் அவர் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஆயினும் கூட்டங்களில் வாய் திறக்க அஞ்சினார். 1891-இல் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பியபின், பம்பாயில் ஒரு சிறு வழக்கில் முப்பது ரூபாய் கட்டணத்திற்கு வாதாட முன்வந்தார். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுழன்றது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கூறி, கட்டணத்தையும் திருப்பித் தர ஒப்பி, நாணத்துடன் வெளியேறினார்.

அவரே 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் இந்திய வணிகர்கள் கூடிய ஓர் இல்லத்தில் எழுந்து பேசினார். வாணிபத்தில் வாய்மை என்பதே பொருள். தம் வாழ்வின் முதல் பொதுச் சொற்பொழிவு என்று அதனையே அவர் பின்னாளில் குறித்துள்ளார். இடையில் நேர்ந்தது என்ன? இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட அவமதிப்பு நெஞ்சில் கனன்றது உண்மை. ஆயினும் அது மட்டுமன்று. பேசவேண்டிய பொருளை அவர் முன்னரே ஆயத்தம் செய்திருந்தார். அவை சிறியது. அந்நகரின் செல்வாக்குமிக்க வணிகரான தயப் சேட், "இந்த இளைஞனுக்கு என்ன தெரியும்?" என்று தள்ளிவிடாது, கூட்டம் கூட்டத் துணைநின்றார். அக்கூட்டம் ஒருநாளோடு முடியாமல் தொடர்ந்தும் நடைபெற்றது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. இளையவர் பிழை செய்தால் கட்சிக்காரருக்கு இழப்பன்றோ என்று மூத்தோர் கவலைப்படுவது நியாயமே. ஆகவே சிறியதிலிருந்து தொடங்குவோம். இளையவர் தாமே உழைத்து ஆயத்தம் செய்த பகுதியை, பத்தே நிமிடம், அவரே எடுத்துரைக்கட்டும். முன்னதாக ஓரிருவர் முன்னிலையில் பேசிப் பழகட்டும். மூத்தவர் அருகிலேயே அமர்ந்திருக்கட்டும், தவறினால் தாங்கலாம். அவை நடுவே திருத்தாது, பின்னர் தனியே அழைத்து, நன்றாயிருந்ததையும் திருந்தவேண்டியதையும் சொல்லட்டும். அடுத்த வாய்ப்பு எந்நாள் என்பதையும் அப்போதே குறித்துவிடட்டும். நன்றியுரையும் வரவேற்புரையுமே பெண்களுக்கு என்று ஒதுக்கும் வழக்கத்தையும் இத்துடன் விடுவோம்.

மூத்தோரே, நமக்கும் ஒருநாள் ஒருவர் இடம் கொடுத்ததால்தான் இன்று நாம் பேசுகிறோம். அந்த முதல் நாளில் நம் கால்கள் நடுங்கியதை மறவாதிருப்போம். அடுத்த கூட்டத்தில் நம் பெயருக்கு எதிரே உள்ள நேரத்தில் பத்து நிமிடத்தை ஓர் இளையவருக்கு ஈவோம்.