பெயரைச் சொன்னதும் வெட்கப்பட்ட ஹீரோ!

நோட்டை நீட்டி ஆட்டோகிராப் வாங்கிய காலம் போய், இது செல்ஃபி காலம். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலை செம்மேடு போனால், அங்கும் வல்வில் ஓரி சிலை முன்பு செல்ஃபிதான்!

ஓரியிடம் ஆட்டோகிராப் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? புறநானூற்றின் 152-வது பாடலைப் பார்த்தால் புரியும். அதைப் பாடியவர் வன்பரணர். காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஒருவரை, யாரென்றே தெரியாமல் பாணர்கள் சந்திக்கிறார்கள். பாட்டில் 'அரசன்' என்ற சொல் வந்ததும், அது தன்னைக் குறிப்பதால் அவர் வெட்கப்படுகிறார். பிறகு மான்கறி சமைத்துத் தந்து, பொன்னும் மணியும் அள்ளிக் கொடுக்கிறார்.

அவர் குதிரையின் பெயரும் ஓரிதான் என்கிறது சிறுபாணாற்றுப்படை. அவரைப் போரில் கொன்ற மலையமான் திருமுடிக்காரியின் குதிரை பெயர் காரி! வென்ற காரி, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால், இன்றும் ஆடிப்பெருக்கையொட்டி அங்கே அரசு விழா நடப்பது, தோற்ற ஓரியின் பெயரில்.

அடுத்தமுறை செல்ஃபி எடுத்ததும், அதே போனில் அந்தப் பாடலையும் தேடிப் படியுங்கள். ஓரியின் ஆட்டோகிராப் அங்கேதான் இருக்கிறது!