தலைப்பாகையும் தன்மானமும்



திருவண்ணாமலையை அடுத்த செங்கம், மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா. பாணரும் கூத்தரும் பரிசில் நாடிப் போந்த அவ்வழியில், 1767-இல் வெள்ளையன் துமுக்கியோடு நின்றான். அவ்வாண்டு செபுத்தம்பர் 3-இல் செங்கத்திலும், அம்மாத இறுதியில் திருவண்ணாமலையிலும், சோசப்பு சுமித்து என்பான் ஐதரலி, நிசாம் ஆகிய இருவர் படைகளையும் முறியடித்தான். அவன் படையினருள் பெரும்பகுதியினர் யார்? கூலிக்கு உடல் விற்ற நம் தென்னாட்டாரே! வெள்ளையர் ஏட்டில் திருவண்ணாமலை 'திரினோமலி' ஆயிற்று. அயலான் நா வளையாமை குற்றமன்று; வளையாத நாவின் பிழையையே ஊர்ப்பெயராக நிலைநாட்டியதுதான் குற்றம்.

அக்கூலிப்படையின் வழிவந்தோரே 39 ஆண்டுகட்குப் பின் வேலூரில் வெகுண்டெழுந்தனர். தொப்பி போன்ற புதுத் தலைப்பாகை, அதில் தோற்குஞ்சம், நெற்றிக்குறியும் காதணியும் கூடா, தாடியை மழிக்க வேண்டும், மீசைக்கும் அளவு! மறுத்தோர்க்குக் கசையடி. 1806 சூலை 10 விடியுமுன் கோட்டை படைஞர் கைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். திப்புவின் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லசுப்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டான். வீழ்ந்த நம்மவர் பன்னூற்றுவர். சிலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர்.

கரணியம் தலைப்பாகையா, கோட்டையில் சிறையிருந்த திப்புவின் மக்களா என்று அன்றே வழக்காடினர். நாம் அறிந்தவரை இரண்டும் பாதி உண்மையே. கூலிக்குக் கையை விற்றவன், தலையும் விலைப்பட்டதென உணர்ந்த நாள் அது. இந்துவும் முசுலீமும் ஒருசேர நின்றதும் அதனாலேயே. ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடாக்கும் 1807-இல் திருப்பியழைக்கப்பட்டனர். வெள்ளையனே தன் ஆணையை விழுங்கினான்!

நம் அரசோ, 2020 சூனில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டுச் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டலில் சில நகைப்பிற்கிடமாயிருந்தன என்பது மெய்யே. தவற்றைத் திருத்துவதா, பட்டியலையே கிழிப்பதா? கோயம்புத்தூரும் எழும்பூரும் அயலான் வாயில் சிதைந்த வடிவிலேயே ஆங்கிலப் பலகைகளில் தொங்க வேண்டுமா?

வேலூர், திருவண்ணாமலை மாவட்ட அன்பர்களே முதலில் எழுதுக! ஒவ்வோர் ஊர்மன்றமும் தன் ஊரின் சரியான ஒலிப்பை ஒரு தாளில் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு விடுக்கட்டும். அறிஞர் குழு அவற்றை ஆய்ந்து செப்பமிட்ட பட்டியலை அரசு மீண்டும் வெளியிடுமாறு நாம் கேட்போம்.