புதூர்க் கம்மாய்க்கும் ஓர் ஆய்வாளர் வரட்டும்

2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியான ஒரு கட்டுரை தில்லியைக் கொதிக்க வைத்தது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். வேறு எதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கும் நொதியை உருவாக்கும் என்.டி.எம்.-1 மரபணு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 பாக்டீரியா மாதிரிகளில் இருப்பதை அந்தக் கட்டுரை காட்டியது. மரபணுவின் பெயரில் (என்.டி. என்பது நியூ டெல்லி) தில்லி இருந்ததும், மருத்துவச் சுற்றுலாவோடு அதை இணைத்துப் பேசியதும் மத்திய சுகாதார அமைச்சகத்தைச் சினம்கொள்ள வைத்தன. நாட்டின் மானம் பற்றியே விவாதம் நடந்தது. கட்டுரைக்குள் இருந்த கண்டுபிடிப்பு பின்னுக்குப் போயிற்று.

அந்தக் கண்டுபிடிப்பு இது. ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமிகள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. சென்னையில் கிடைத்தவையோ பல வம்சத்தவை. மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் எனும் சிறு வளையம் சென்னை மாதிரிகளில் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தாவியது, ஹரியானா மாதிரிகளில் தாவவில்லை. ஹரியானாவில் ஒரு கிருமி பெருகியிருந்தது. சென்னையில் மரபணுவே கிருமி விட்டுக் கிருமி நடந்துகொண்டிருந்தது. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து.

பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்ளும் என்பதை லெடர்பெர்க்கும் டாட்டமும் 1946-லேயே காட்டிவிட்டார்கள். பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காத சீதபேதிக் கிருமி ஜப்பானில் தலைகாட்டியபோது, நம் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலையிடமிருந்தும் அந்த ஆற்றல் அதற்கு வந்துசேர முடியும் என்று 1959-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அடுத்த வீட்டுக்கு உறைமோர் கொடுப்பது போன்றதுதான் இது. கொடுத்தவர் வீட்டுத் தயிர் குறைவதில்லை. வாங்கியவர் வீட்டிலும் நாளைக்குத் தயிர் இருக்கும், அவர் மூன்றாம் வீட்டுக்கும் கொடுக்கலாம். நோய் உண்டாக்காத கிருமிகூட மருந்து எதிர்ப்பாற்றலைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கிடங்காகிவிடுகிறது.

இது பெருநகர ஆஸ்பத்திரிச் சமாச்சாரம், தூத்துக்குடி மாவட்டத்தின் புதூருக்கும் விளாத்திகுளத்துக்கும் இதில் என்ன என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வாழும் கரிசல் பூமி இது. மழையில் நிறையும் கம்மாய் கோடையில் வற்றி ஓரத்துக் குட்டையாக ஒடுங்குகிறது. ஊர்ச் சாக்கடை அங்கேதான் வடிகிறது, ஆடும் மாடும் அங்கேதான் வாய்வைக்கின்றன. வேம்பூர்ப் பொட்டு ஆடுகளின் கிடை ஊர் ஊராகப் பெயர்ந்து, நிலத்துக்கு உரமேற்றிப் போகிறது. ஆட்டுக்குப் போட்ட ஊசிமருந்தின் ஒரு பகுதி புழுக்கையிலும் மூத்திரத்திலும் வெளியேறி அதே மண்ணில் விழுகிறது. மண்ணும் வெறும் மண்ணன்று. ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் தந்ததே மண்ணில் வாழும் நுண்ணுயிர்தான். 30,000 ஆண்டு பழமையான உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர், கால்நடை, மண் மூன்றின் கிருமிகளும் ஒரே குட்டையில் கலக்கும் இடத்தை ஆய்வாளர் தேடிப் போக வேண்டாமா?

தண்ணீர் வழியே இது நகர்வதற்குச் சான்று உண்டு. 2011-இல் வெளியான தில்லி ஆய்வில், தெருவோரம் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் என்.டி.எம்.-1 இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் தரவுகளை அலசிய 2018-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சுகாதாரக் கட்டமைப்பும் நல்ல நிர்வாகமும் உள்ள நாடுகளில் கிருமிகளின் எதிர்ப்பாற்றல் குறைவு, மருந்துப் பயன்பாட்டை மட்டும் குறைத்தால் போதாது என்றது அது.

எனவே, பழி முழுவதையும் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை கேட்டு வாங்கும் பெண்ணின் தலையில் கட்டுவதை நாம் ஏற்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அவரால் ஆகாது. அளவில்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்குவது தவறுதான். குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற எச்-1 விதி 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ளது, அது கறாராக நடக்க வேண்டும். ஆனால் சாக்கடை வடியும் கம்மாயை அப்படியே விட்டுவிட்டு மாத்திரைச் சீட்டை மட்டும் சோதிப்பது அரைகுறை வேலை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பு பெரிய ஆஸ்பத்திரிகளையே நம்பி நிற்கிறது. அங்கு வந்துசேர்ந்த கிருமியைத்தான் அது எண்ணும், கிருமி எந்த வழியாக வந்தது என்பதை ஒரு முனைவர் பட்ட மாணவர் ஊரில் இருந்து நான்கைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியும் புதூரிலிருந்து தொலைவில் இல்லை. மூன்றும் சேர்ந்து வழிகாட்டும் ஆய்வு இடங்களைத் தமிழக அரசு உருவாக்கி, உதவித்தொகையை மாதம் தவறாமல் தர வேண்டும். கம்மாய் நீரும், ஆட்டுப் புழுக்கையும், கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் எடுக்கும் கல்ச்சர் மாதிரிகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒப்பிடப்பட வேண்டும். எந்த மருந்து இந்த வட்டாரத்தில் இன்னும் வேலை செய்கிறது என்ற பட்டியல் ஆண்டுதோறும் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் மேசைக்கு வர வேண்டும்.

உலகில் 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த நிலையில், கசப்பான முடிவோடு வரும் மாணவரை ஊர்ப்பெயரைக் கெடுத்தவராகப் பார்க்கும் 2010-இன் புத்தி திரும்பக் கூடாது. கிடைத்த முடிவு எதுவானாலும் தணிக்கையின்றி வெளியாகும் என்ற உறுதியை உதவித்தொகை ஆணையிலேயே அரசு எழுதித் தரட்டும். கம்மாய் வற்றிக் கிடக்கும்போது ஒருமுறை, மழைக்குப் பின் நிறைந்ததும் ஒருமுறை மாதிரி எடுத்தால்தான் ஒப்பீடு சரியாக அமையும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதல் ஆய்வாளரைப் புதூருக்கு அனுப்புங்கள்.