‘பொன்னி’ காவிரியோட பேர்... அப்புறம் ஏன் மூட்டையில ‘கர்நாடகா’? டெல்டா அரிசி தட்டிலிருந்து காணாமல் போன கதை

தஞ்சாவூரில் ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய், அரிசி அடுக்கியிருக்கும் பக்கம் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ‘கர்நாடகா பொன்னி’, ‘ஆந்திரா பொன்னி’ என்று வரிசையாக 26 கிலோ பைகள் இருக்கும். (25 கிலோ வரையிலான பைகளுக்கு 2022 ஜூலையில் 5% ஜி.எஸ்.டி. வந்தது. அதனால்தான் அந்தக் கூடுதல் ஒரு கிலோ!)

கடையை விட்டு வெளியே வந்து பத்து நிமிஷம் வண்டி ஓட்டினால் வயல் வந்துவிடும். ஆனால், அந்த வயலில் விளைந்தது என்று பெயர் சொல்லி விற்கும் பையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டின் நெற்களஞ்சியத்திலேயே இதுதான் நிலைமை.

‘மக்களுக்கு அந்த அரிசிதான் பிடிச்சிருக்கு, அதான் வாங்குறாங்க’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடலாம். ஆனால், பிடிப்பது என்பது நாக்கு மட்டுமே எடுக்கிற முடிவா?

முதலில் ஒரு வைன் கதை

1976 மே 24. பாரிஸில் ஒரு ருசி பார்க்கும் போட்டி. ஒன்பது பிரெஞ்சு நடுவர்களுக்கு முன்னால், எந்த ஊர் சரக்கு என்று தெரியாதபடி வைன் ஊற்றி வைக்கப்பட்டது. ‘வைன்னா பிரான்ஸ்தான்’ என்று உலகமே நம்பிய காலம் அது. ரிசல்ட் வந்தபோது வெள்ளை வைன், சிவப்பு வைன் இரண்டிலுமே முதலிடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு!

அடுத்தடுத்த வருடங்களில் பிரிட்டன் கடைகளில் ஆஸ்திரேலிய வைன் பிரெஞ்சு வைனுக்குச் சவாலாக வளர்ந்தது. அதே ஆஸ்திரேலிய வைனுக்கு 2020-ல் சீனா கடும் வரி போட்டதும், அங்கே கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் சந்தை காலியானது. சீனர்களின் நாக்கு ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை. மாறியது விலை.

எந்த ஊர்ச் சரக்கு உசத்தி என்ற எண்ணத்தை விலை, வரி, விளம்பரம், லேபிள் எல்லாம் சேர்ந்துதான் உருவாக்குகின்றன. அது அடிக்கடி மாறவும் செய்கிறது. சோற்றுக்கும் இதே கதைதான்.

பர்மா அரிசி போய் பொன்னி வந்த கதை

19-ம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்குத் தஞ்சாவூர் அரிசி கப்பலேறியது. பிறகு பர்மா அரிசி மலிவாக வந்து அந்தச் சந்தையைப் பிடித்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மா, சயாம் அரிசி சென்னை மாகாணத்துக்குள்ளேயே குவிய, தஞ்சை மிராசுதாரர்கள் ‘இறக்குமதியைக் கட்டுப்படுத்துங்கள்’ என்று குரல் கொடுத்தார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. அதைச் சாப்பிட்டுப் பழகியவர்களும் வேறு அரிசிக்கு மாறியாக வேண்டியதாயிற்று.

1960-களில் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானது. ஆடுதுறை 27, அதன் பிறகு ஐ.ஆர். ரகங்கள் வயலுக்கு வந்தன. அப்போதைய கேள்வி ‘ருசியா இருக்கா?’ என்பதல்ல, ‘எத்தனை மூட்டை காணும்?’ என்பதுதான். பஞ்சத்தைப் பார்த்த நாட்டில் அதைத் தப்புசொல்ல முடியாது. 1980-களில் வயிறு நிறைந்த பிறகுதான் மெல்லிய, வெள்ளையான, உதிரியான சோறு மேல் ஆசை வந்தது. பொன்னியின் காலம் தொடங்கியது.

அந்தப் பைக்குள் இருப்பது யார்?

சுவாரசியமே இங்கேதான். தைவான் ரகத்தையும் மலாயா ரகத்தையும் ஒடிசாவின் கட்டாக்கில் கலந்து பிறந்தது ‘மசூரி’. 1965-ல் மலேசியாவில் வெளியானது. அந்த வழியில் வந்ததுதான் நம்ம பொன்னி. 1986-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘வெள்ளைப் பொன்னி’யை வெளியிட்டது.

அதே 1986-ல் ஆந்திராவின் பாபட்லாவில் வெளியானது பி.பி.டி. 5204. அதன் பெற்றோரில் ஒன்று மசூரி. இன்னொன்று, 1920-களில் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஜி.இ.பி. 24. விவசாயிகள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று கூப்பிடுவார்கள்.

அதாவது, ‘ஆந்திரா பொன்னி’ என்று நாம் தேடி வாங்கும் அரிசியில் கோயம்புத்தூர் ரத்தமும் ஓடுகிறது. ‘கர்நாடகா பொன்னி’ பையில் இருப்பது பெரும்பாலும் சோனா மசூரி வகைதான். கங்காவதி, சிந்தனூர் பக்கம் துங்கபத்திரா தண்ணீரில் விளைந்தாலும் பையில் இருக்கிற பேர் என்னவோ பொன்னி. பொன்னி என்றால் காவிரி! பேர் நம்முடையது, லாபம் வேறு ஊருக்கு.

அப்போ டெல்டா நெல் எங்கே போகுது?

பெரும்பகுதி அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். வித்தியாசம் வெறும் 45 ரூபாய்.

அந்தச் சன்ன ரகம் என்பதும் நெல்மணியின் நீள, அகலத்தை வைத்துச் சொல்வது. சோறு எப்படி இருக்கும் என்பதற்கு அங்கே மார்க் கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. மழை பெய்தால் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். நெல் சாலையோரம் முளைத்துக்கொண்டிருக்கும். இந்தச் சூழலில் ஒரு விவசாயி சாயாத, சீக்கிரம் அறுவடைக்கு வரும், அதிகம் விளையும் ரகத்தைத்தான் போடுவார். 45 ரூபாய்க்காக யார் ரிஸ்க் எடுப்பார்கள்?

கொள்முதலான நெல் பல ரகங்களும் கலந்து, ஆலையில் அரைபட்டு, ரேஷன் கடைக்கு வருகிறது. அதே டெல்டா நெல்லுக்குக் கடைசியில் கிடைக்கிற பெயர் ‘ரேஷன் அரிசி’. வசதியான வீடுகளில் அது இட்லி மாவுக்குப் போகிறது. சோற்றுக்குக் கர்நாடகா பை வருகிறது.

இதில் கர்நாடக விவசாயியை வில்லனாக்க ஒன்றுமில்லை. அங்கே ஆலைகளும் வியாபாரிகளும் ஒரே ரகத்தைத் தனியாக வாங்கி, பழையதாக்கி, கறுப்பு அரிசி பொறுக்கி, பேர் போட்டு விற்கிறார்கள். கொள்முதல் நிலையங்களையும் குறை சொல்லி மூடிவிட முடியாது. அவை இல்லாவிட்டால் அறுவடை நேரத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. அது விவசாயிக்கு இன்னும் மோசம்.

மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்கு டெல்டாவிலேயே சாட்சி இருக்கிறது. நம்மாழ்வார் தந்த உந்துதலில், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டன. அவர் 2018-ல் மறைந்தார். ஆனால், ஒரு காலத்தில் கிராமத்திலேயே மறந்துபோன மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்று சென்னை ஐ.டி. ஊழியரின் ஆன்லைன் கார்ட்டில் இருக்கின்றன. எனவே, நாக்கைப் பழக்க முடியும். ஆனால், அது சின்ன, விலை அதிகமான சந்தை. தினசரி மதியச் சோறு இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, நல்ல சோற்று ரகங்களுக்குக் கொள்முதலில் உருப்படியான கூடுதல் விலை. இரண்டாவது, அந்த ரகங்களைக் கலக்காமல் தனியாக அரைத்து விற்க ஏற்பாடு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைச் செய்யலாம். மூன்றாவது, லேபிள். வைன் பாட்டிலில் ஊரும் திராட்சை ரகமும் வருடமும் இருக்கும். அரிசிக்கும் வயசு முக்கியம் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்கே தெரியும். புது அரிசி குழையும். ஆனால், ‘எந்த ரகம், எந்த ஊர், எப்போது அறுத்தது’ என்று பையில் தேடினால் கிடைப்பது அரிதுதான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு போடும் வெற்றிலைக்கு ஊர்ப்பேர் உண்டு என்றால், சாப்பாட்டுக்கும் இருக்கட்டுமே!

அதுவரை வீட்டிலேயே ஒரு பாரிஸ் போட்டி வைத்துப் பார்க்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெல்டா விவசாயியிடம் வாங்கிய ஒரு கிலோவையும், வழக்கமான பை அரிசியையும் தனித்தனியாக வடித்து, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறுங்கள். ஜெயிப்பது எதுவாகவும் இருக்கலாம். பையில் அச்சடித்த பேரைப் பார்க்காமல், அன்றைக்கு ஒருநாள் நாக்கு முடிவு பண்ணட்டும்.