பட்டியலில் பெயர் இல்லையென்றால் வேட்பாளரும் ஆக முடியாது

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கிராம ஊராட்சிகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். அப்போது சேலத்தில் 385 ஊராட்சிகள், நாமக்கல்லில் 322. தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அன்று முதல் தனி அலுவலர்களின் நிர்வாகம்தான். தேர்தல் எப்போது என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க, அதில் ஓட்டுப் போடப் போகிறவர்கள் யார் என்பது வேறொரு பக்கம் முடிவாகிக்கொண்டிருக்கிறது.

சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 19இல் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில், தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சேலம் மாவட்டத்தில் சுமார் 3.62 லட்சம், நாமக்கல்லில் சுமார் 1.93 லட்சம். மாநில அளவில் இறந்தவர்கள் என்று நீக்கப்பட்டவர்கள் 27 லட்சத்துக்குள்தான். 66 லட்சம் பேருக்கு மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போயிருக்கிறார்கள்.

'அது சட்டமன்றத்துக்கான லிஸ்ட், ஊராட்சிக்கு வேறு லிஸ்ட் வரும்' என்ற பேச்சு நம் காலனிகளில் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பது சரி. ஆனால் அந்த ஆணையம் வீடு வீடாகப் போய்ப் புதிதாகக் கணக்கெடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்து வார்டு வார்டாகப் பிரிக்கிறது. அங்கே விடுபட்ட பெயர் இங்கேயும் விடுபடும்.

நீக்கப்பட்டவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாக்காளர் பட்டியலில் சாதி கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் பகலில் கதவு பூட்டிக் கிடப்பது எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள், மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர்கள், கோழிப்பண்ணை அறையிலேயே தங்கி வேலை பார்ப்பவர்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு பள்ளிபாளையம் தறிக்கூடத்தில் இருப்பவர்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் மூன்று முறை வர வேண்டும் என்பது விதி. மூன்று முறையும் வேலை நேரத்தில் வந்தால் மூன்று முறையும் பூட்டுதான் இருக்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் வழக்கமாகக் குடியிருப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்கிறது. சொந்த வீடு இருப்பதும் இதே பிரிவின்படி தகுதி ஆகாது. வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டியவனுக்கே ஓட்டு இருந்தது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் வீட்டு வரி ரசீது கேட்பதும், இல்லையென்றதும் அவரே தலைகுனிந்து திரும்பிப் போவதும் நடக்கிறது. வீடே இல்லாமல் தெருவில் படுத்திருப்பவருக்கும் பெயர் சேர்க்க வழி இருக்கும் நாட்டில் இது தேவையில்லாத பயம்.

சட்டமன்றத் தேர்தலில் நூறு ஓட்டு குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிராம ஊராட்சி வார்டில் மொத்த ஓட்டே சில நூறுதான். நம் தெருவில் நாற்பது பேர் விடுபட்டால் அந்த வார்டின் முடிவே மாறும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. ஊராட்சியில் போட்டியிட 21 வயதும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயரும் வேண்டும். தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில், நாலு எழுத்து படித்த, கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடிய பெண்ணின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் என்ன ஆகும்? பண்ணையில் வேலை பார்க்கும், முதலாளி காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடும் ஒருவரை நிறுத்திவிடுவது சுலபம். தனி இடம் காகிதத்தில் அப்படியே இருக்கும், நாற்காலி மட்டும் வேறு வீட்டில் கிடக்கும்.

கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர்தான் இந்த முறை அதிகம் சிக்கக்கூடியது. 2002 அல்லது 2005 பட்டியலில் தாய் தகப்பன் பெயரைக் காட்டச் சொன்னார்கள். பிறந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம், வந்த ஊர் ராசிபுரம் என்றால் பழைய பாகம் எண்ணை யார் தேடித் தருவது? அது கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. ஏற்கப்படும் ஆவணங்களில் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அரசு கொடுத்த வீட்டுமனை ஒதுக்கீட்டுச் சான்றும் இருக்கிறது. இலவசப் பட்டாவைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரேஷன் கார்டு அந்த வரிசையில் இல்லை. அதை மட்டும் நம்பிப் போனால் அலைச்சல்தான்.

பெயர் விடுபட்டவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டும். இறுதிப் பட்டியல் வந்த பிறகும் தொடர் திருத்தத்தில் அதைக் கொடுக்கலாம். பெயர் இருந்து முகவரி மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. நம் ஆட்களின் பெயரை நீக்கச் சொல்லி யாராவது படிவம் 7 கொடுத்திருக்கிறார்களா என்பதையும் விசாரித்து வைப்பது நல்லது. உள்ளாட்சிக்கான வார்டுப் பட்டியல் வரும்போது இன்னொரு வேலை உண்டு: காலனியின் ஒரு வரிசை வீடுகள் ஒரு வார்டிலும் எதிர் வரிசை அடுத்த வார்டிலும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவடி வாரியாக நீக்கப்பட்டோர் பட்டியலை வாங்கி, சூளையிலிருந்தும் பண்ணையிலிருந்தும் ஆட்கள் ஊர் திரும்பும் நாளில், மாரியம்மன் கோயில் திடலில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டால் பாதி வேலை முடியும்.