சிற்ப வகுப்பில் ஒரு நடனக்காரர்

மெரினாவில் பாறையை நெம்பும் அந்த நால்வரை வடித்தவர் மல்யுத்தம் பழகியவர். உழைப்பாளர் சிலையை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தவருக்கு இது வியப்பாக இருக்காது. பாரம் ஏறும்போது முதுகு எங்கே வளையும், குதிகால் எப்படி மண்ணைப் பற்றும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவரின் வேலை அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899இல் ரங்பூரில் பிறந்த வங்காளி. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். புல்லாங்குழல் வாசிப்பார், வங்க மொழியில் சிறுகதைகளும் எழுதினார். எழும்பூரில் இருக்கும் சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வராகி, 1950களின் பிற்பகுதி வரை அங்கே இருந்தார்.

அவரிடம் படித்தவர் எஸ். தனபால். மயிலாப்பூர்க்காரர். அவர் பயின்றது ஓவியம். அதோடு நடனமும் கற்று மேடையேறியிருக்கிறார். ராய் சௌத்ரி ஓய்வுபெற்ற காலத்தில் சிற்பத் துறையின் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 1970களில், கல்லூரியாகிவிட்ட அந்தப் பள்ளியின் முதல்வரும் ஆனார். பெரியாரின் மார்பளவுச் சிலையையும் சிலுவை சுமக்கும் ஏசுவையும் செய்த இவர், ‘ஒரு சிற்பியின் சுயசரிதை’ என்று தன் கதையையும் தமிழில் சொல்லிவைத்தார். ஓவியர்கள் எழுதுவது நம்மிடம் கொஞ்சம் உண்டு. சிற்பிகள் எழுதுவது அபூர்வம்.

ஆடியவர் சிற்பம் சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும்? களிமண் வேலை, கம்பியாலும் மரத்தாலும் உள்கூடு கட்டுவதில்தான் தொடங்குகிறது. உருவத்தின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று அப்போதே தீர்மானித்தாக வேண்டும். அது பிசகினால், மேலே எவ்வளவு நேர்த்தியாக மண் பூசினாலும் உருவம் நிற்காது. நின்றாலும் மரப்பாச்சிபோல விறைத்து நிற்கும். உடற்கூறுப் படத்தைக் காட்டி இதை விளக்கலாம்தான். ஆனால் ஒரு காலில் எடை ஏற்றி இடுப்பை ஒடித்து, நடராசர் எப்படி நிற்கிறார் என்று வகுப்பிலேயே நின்று காட்டக்கூடிய ஆசிரியர் கிடைத்த மாணவருக்கு அந்தப் படம் தேவைப்படாது.

இப்படிக் கற்பித்தவர்கள் தங்கள் பாணியைத் திணிக்கவில்லை என்பதற்குச் சான்று மாணவர்கள்தாம். ராய் சௌத்ரியின் இயல்புவாதத்தை தனபால் அப்படியே தொடரவில்லை. சோழர் செப்புத் திருமேனிகளின் கோட்டோட்டத்தின் பக்கம் நகர்ந்தார். அடுத்த தலைமுறையில் பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்துப் புடைத்து, முகப்பை மட்டுமே காட்டும் உருவங்களைச் செய்தார். மூவரும் மூன்று திக்கு. தன்னைப் போலவே செய்யும் சீடர்களை உருவாக்குவது எளிது. இங்கே அது நடக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கலைகளில் புழங்கியவர்களுக்குத் தங்கள் பாணி ஒன்றே வழி என்ற பிடிவாதம் குறைவாக இருந்ததே காரணம் என்பது என் கணிப்பு.

பல கலை தெரிந்தவர் எல்லாருமே நல்லாசிரியர் என்று சொல்ல வரவில்லை. எதிலும் ஆழமில்லாமல் எல்லாவற்றையும் தொட்டவர்கள் வகுப்பில் பேசியே பொழுதைக் கழிப்பார்கள். ஒரே தொழிலில் ஊறிய ஸ்தபதி மரபின் வலிமையும் சாதாரணமானதல்ல. ஆனாலும் அந்த மரபில் வந்து மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை நடத்திய கணபதி ஸ்தபதியே, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். நூல்கள் பல எழுதியவர்.

இன்றைய விதிகள் இப்படிப்பட்டவர்களை எங்கே வைக்கின்றன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான பொதுவழி முதுகலைப் பட்டம், 55 விழுக்காடு மதிப்பெண், நெட் தேர்வு. தொழில்முறைக் கலைஞர்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டுமே ‘தொடர்புடைய பாடம்’ அல்லது ‘அந்தந்தத் துறை’ என்ற வாசலில்தான் ஆளை நிறுத்திப் பார்க்கின்றன. ஓவியம் படித்து மேடையில் ஆடிய ஒருவர் சிற்பத்துறைப் பணிக்கு விண்ணப்பித்தால், அந்தத் தாளைப் புரட்டும் அலுவலர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

2022இல் வந்த ‘தொழில்முறைப் பேராசிரியர்’ திட்டம் பட்டக் கட்டாயத்தைத் தளர்த்தியது. துறையில் 15 ஆண்டு அனுபவம் போதும். வரவேற்க வேண்டியதே. ஆனால் மூன்று ஆண்டுகள், விதிவிலக்காக இன்னும் ஓராண்டு, அதோடு பணி முடிந்தது. மேலாண்மையும் மென்பொருளும் கற்பிக்க இந்தக் கால அளவு பொருந்தலாம். சிற்பத்துக்குப் பொருந்தாது. நுண்கலை இளங்கலைப் படிப்பே நான்கு ஆண்டுகள். களிமண்ணில் தொடங்கி, பிளாஸ்டர் அச்சு, மரம், கல் என்று கடந்து உலோக வார்ப்புக்கு ஒரு மாணவர் வந்து சேர்வதற்குள், முதலாண்டில் அவர் கையைத் திருத்தியவர் கிளம்பிப் போயிருப்பார். ராய் சௌத்ரியும் தனபாலும் எழும்பூரில் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். நுண்கலைக் கல்லூரிகளுக்காவது இந்த நான்காண்டு வரம்பை நீக்கி, நிரந்தரப் பணியிடங்களில் ஒரு பங்கைத் துறை எல்லை பாராமல் செயல்படும் கலைஞர்களுக்கு ஒதுக்கலாம். சான்றிதழோடு கைவேலையையும் பார்த்துத் தேர்வுசெய்யும் குழுவில் சிற்பிகள் பெரும்பான்மையாக இருப்பதும் அவசியம்.