கிரியேட்டினின் 1.1: ‘நார்மல்’ என்று சொல்லிவிடலாமா?

ஐம்பத்தைந்து வயதுப் பெண். எடை 42 கிலோ. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினின் 1.1. பல ஆய்வகச் சீட்டுகளில் இந்த எண் ‘நார்மல்’ வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 38 மில்லி ரத்தத்தைத்தான் சுத்திகரிக்கிறது என்று வரும். இந்த அளவு 50-க்குக் கீழே இறங்கினால், எச்.ஐ.வி.க்குத் தரும் டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவர் யோசித்தாக வேண்டும்.

2004 ஏப்ரலில் இந்தியாவில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது உயிர் பிழைப்பதே பெரிய கவலை. அன்று பிழைத்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. இந்த மாத்திரை அவர்களுக்கு ஆயுள் முழுக்கத் துணை. அதனால்தான் சிறுநீரகத்தைப் பற்றி இப்போது அழுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில் சேர்கிறது. சிலருக்கு அங்கே பழுது ஏற்பட்டு பாஸ்பேட், புரதம், சர்க்கரை எல்லாம் சிறுநீரில் வீணாகிறது, எலும்பும் பலமிழக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை தென்பட்டால் அது எச்சரிக்கை மணி. இன்னொரு சிக்கலும் உண்டு. கூடவே தரும் டோலுடெக்ராவிர், சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யாமலேயே கிரியேட்டினினைச் சற்று ஏற்றிக் காட்டும். எனவே ஒரே எண்ணை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. எடையைக் குறித்துக் கணக்கிடுவதோடு, செலவு அதிகமில்லாத சிறுநீர்ப் பரிசோதனையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களிலும் கட்டாயமாக்க வேண்டும்.

பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் பேராபத்து. கட்டுப்படாத எச்.ஐ.வி.யே சிறுநீரகத்தைக் கெடுக்கும். டெனோஃபோவிர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அபாகவிர் இருக்கிறது. சிறுநீரகத்தை அவ்வளவாகப் பாதிக்காத டெனோஃபோவிர் அலாஃபெனமைடும் இருக்கிறது. மாற்றுவது மருத்துவரின் வேலை.

பெரும்பாலோர் கவனிக்காத இடம் தெருமுனை மெடிக்கல் ஷாப். மூட்டுவலி என்று போனால் டைக்ளோஃபினாக் கிடைக்கிறது. டெனோஃபோவிரோடு அது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். எச்.ஐ.வி. இருப்பதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர் காதில் விழுந்தால் ஊரே பேசுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயின் பெயரைச் சொல்லாமலே சொல்ல ஒரு வாக்கியம் போதும். சிகிச்சை மைய ஆலோசகர்கள் அதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கட்டும்: “கிட்னிக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருண்ணே, டைக்ளோஃபினாக் வேணாம், பாரசிட்டமால் குடுங்க.”